‘அந்த ஆள்’ யார்? – மாட் முல்லிக்கனின் அறிதுயில் ஓவியங்களைக் குறித்து

2013ஆம் ஆண்டில் வெனிசு நகரில் நடைபெற்ற பன்னாட்டுக் கலைக் கண்காட்சியில் ஓர் அறை அமைக்கப்பட்டிருந்தது. அதன் சுவர்களாக நின்றவை வீட்டுப் படுக்கைவிரிப்புகள். விரிப்புகளின்மேல் வரிசை வரிசையாகத் தாள்கள். தாள்களிலே கறுப்பு மையினால் தீட்டப்பெற்ற சொற்கள், எண்கள், சுழிகள். முதலில் 2005ஆம் ஆண்டில் செருமனியின் கொலோன் நகரத்து லுட்விக் அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்ட படைப்பின் ஒரு பகுதி இது. இவற்றை வரைந்த கை அமெரிக்க ஓவியர் மாட் முல்லிக்கனுடையது. ஆனால் வரைந்தவர் தாம் அல்லர் என்றும், அறிதுயில் நிலையில் தம்மிடத்தில் தோன்றும் வேறோர் ஆள் என்றும் அவர் கொள்ளுகிறார். அப்படைப்புக்கு அவர் இட்ட பெயரும் ‘அந்த ஆளின் வேலையிலிருந்து கற்றுக்கொள்ளுதல்’ என்னும் பொருளுடையது.

அக்கண்காட்சியின் நடு மண்டபத்தில் உளவியலறிஞர் யுங் தம் தரிசனங்களை எழுதி வரைந்து வைத்த சிவப்பு நூல் வைக்கப்பட்டிருந்தது என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும். தன்னறிவு விழித்திருக்கும் வேளையில் வெளிப்படாத ஏதோ ஒன்று கலையின் வழியாக வெளிப்படும் என்னும் நம்பிக்கை கடந்த நூறாண்டுகளாக மேனாட்டுக் கலையுலகில் ஓயவில்லை. இப்பொழுது அந்நம்பிக்கை வேறோர் உருவம் எடுத்திருக்கிறது. மனிதனுக்கு நிலையான தன்னடையாளம் ஒன்று இல்லை, அது நீரைப்போல் கொள்கலத்துக்கேற்ப வடிவம் மாறுவது, ஆகவே அறிதுயிலும் கலையும் அந்நெகிழ்ச்சியைச் சோதித்தறியும் கருவிகள் என்கின்றனர். 2012ஆம் ஆண்டில் காசெல் நகரத்தின் டாக்குமென்டா கண்காட்சியில் மார்க்கோஸ் லூட்யன்சு என்பவர் பார்வையாளரையே அறிதுயிலில் ஆழ்த்தி, கண்ணுக்குத் தெரியாத கண்காட்சியை அவர்கள் மனத்துக்குள் நிகழ்த்தினார். இவ்வகை முயற்சிகளுள் நீண்டகாலமாகவும் நேர்மையாகவும் நடந்துவருவது முல்லிக்கனுடையது என்பது என் கணிப்பு. அதனால் அவரையே எடுத்துக்கொள்ளுகிறேன். நான் அப்படைப்புகளை நேரில் கண்டதில்லை. ஒளிப்பதிவுகளையும் பட நூல்களையும் கொண்டே எழுதுகிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது முறை.

முல்லிக்கன் 1951ஆம் ஆண்டில் கலிபோர்னியாவில் பிறந்தவர். தந்தை லீ முல்லிக்கனும் தாய் லுச்சிட்டா உர்ட்டாடோவும் ஓவியர்கள். தந்தை அவர் பிறந்த அதே ஆண்டில் சான்பிரான்சிஸ்கோவில் ‘டைனட்டன்’ என்னும் குழுவினரோடு காட்சி வைத்தவர். அக்குழுவினர் ஓவியத்தைத் தியானத்துக்குரிய பொருளாகக் கருதியவர்கள். அவ்வீட்டுப் பிள்ளை சிறுவயதிலேயே தனக்கென ஓர் அண்டப் படத்தை மனத்தில் வரைந்துகொண்டது. பிறப்புக்கு முன் ஓரிடம், பிறப்பு, வாழ்வை இயக்கும் விதி, மரணம், கடவுள், தூதர், பேய்கள், மோட்சம், நரகம் என எல்லாம் அதில் உண்டு. வளர்ந்தபின் அவற்றுக்கெல்லாம் போக்குவரத்துப் பலகைகளிற் காணும் குறிகளைப் போன்ற அடையாளங்களை உண்டாக்கிக் கொடிகளில் தீட்டினார். பின்னர் அமைத்த ஐந்துலகக் கோட்பாட்டில் பச்சை பருப்பொருளுக்கும், நீலம் அன்றாட உலகுக்கும், மஞ்சள் கலைகளுக்கும், கறுப்பும் வெள்ளையும் மொழிக்கும், சிவப்பு அகநிலைக்கும் உரியன. நம் மாணவர் பலர் இதைக் கண்டு இதுவும் ஒரு முறைப்படுத்திய இறையியலே எனலாம். எனக்கு அவ்வளவு ஆர்வம் எழவில்லை. கடவுளும் விதியும் பேயும் ஒரே அளவுப் பலகைகளாகப் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்போது எதுவும் எதையும் கேள்வி கேட்பதில்லை. வண்ணங்கள் அழகியவை, அவ்வளவே.

அவருடைய உண்மையான வினா வேறிடத்தில் இருக்கிறது. கலிபோர்னியக் கலைக் கல்லூரியில் ஜான் பால்டெசாரியிடம் பயின்ற நாட்களில் அவர் கோடுகளாலான மனித உருவம் ஒன்றை வரைந்து அதற்குக் கிளென் என்று பெயரிட்டார். வட்டமொன்றும் சில கோடுகளுமே ஆன இவ்வுருவத்துக்கு உயிருண்டோ? அதைக் கிள்ளினால் வலிக்குமோ? பார்ப்பவனுக்கு வலிக்கிறதே, அவ்வலி யாருடையது? 1973ஆம் ஆண்டில் பொம்மை ஒன்றையும் இறந்த மனிதன் ஒருவனின் உடலையும் இணைத்து நிழற்படம் எடுத்தார். பொம்மையின் முகத்தில் நாம் உயிரைக் காண்கிறோம். உயிரிருந்த முகத்தில் காண்பதில்லை. ஆள் என்பது உடலுக்குள் வைக்கப்பட்ட பொருளா, அல்லது முகத்தை நோக்குகிறவர் அளிக்கும் ஒன்றா என்னும் கேள்வி அங்கே எழுந்துவிட்டது. அதே காலத்தில் கற்பனைப் பெண் ஒருத்தியின் வாழ்வைப் பிறப்பு முதல் இறப்பு வரை சிறு சிறு வாக்கியங்களாகப் பட்டியலிட்டார். அப்பட்டியலிலிருந்தே அறிதுயில் வந்தது. 1978ஆம் ஆண்டில் நியூயார்க் நகரத்துக் ‘கிச்சன்’ அரங்கில் நடிகர்களை அறிதுயிலில் ஆழ்த்தி, அக்கற்பனை வாழ்வின் காட்சிகளை வாழும்படி செய்தார். தூண்டில் மீன்களைப் போல மனிதர் பிறர் சொற்படி அழுவதும் நகுவதும் கண்ட பார்வையாளர் பலர் மனங்கலங்கினர். பிறர் மனத்தைப் பொம்மையாக்குவது தகுமா என்னும் கேள்வி எழுந்தது. அதன்பின் முல்லிக்கன் தம்மையே அந்நிலைக்கு உட்படுத்தத் தொடங்கினார். கலைஞனின் ஒழுக்கம் பற்றி நாம் பேசும்போது இந்த மாற்றத்தை மதிப்போடு குறிப்பிட வேண்டும். பிறர் தோளில் வைத்த சுமையைத் தாமே எடுத்துக்கொண்டவர்கள் நம் பிரசங்க பீடங்களிலும் மிகுதியில்லை.

அவ்வாறு தொடர்ந்த நிகழ்ச்சிகளில் உருவானதே ‘அந்த ஆள்’. 2007ஆம் ஆண்டில் லண்டன் டேட் மாடர்ன் அரங்கில் நடந்தது உட்படப் பல நிகழ்ச்சிகளில் அந்த ஆள் தோன்றியிருக்கிறது. அந்த ஆளுக்கு வயதில்லை. ஆணென்றும் பெண்ணென்றும் முல்லிக்கன் சொல்லுவதில்லை. பாடுகிறது, எண்ணுகிறது, தாள்களின்மேல் பெரிய தூரிகையால் எழுதுகிறது, முன்னும் பின்னும் நடக்கிறது, சினங்கொள்ளுகிறது, சுவரோடு முகத்தை வைத்துக்கொள்ளுகிறது. காலைக் காப்பியையும் உணவையும் பற்றிப் பேசுகிறது.

மேலே நான் ‘தோன்றியிருக்கிறது’ என்றும் ‘பாடுகிறது’ என்றும் அஃறிணை முடிபு கொடுத்ததைத் தமிழாசிரியர்கள் குற்றமெனக் கொள்ளுவர். வேறென் செய்வது? ‘பாடுகிறான்’ என்றால் ஆண். ‘பாடுகிறாள்’ என்றால் பெண். ‘பாடுகிறார்’ என்னலாம், ஆனால் அது மதிப்பினால் வந்த பன்மை, அந்த ஆளுக்கோ யாரும் மதிப்பு அளித்ததாகத் தெரியவில்லை. ‘அந்த நபர்’ என்றால் காவல்நிலையக் குறிப்பின் வாடை வீசுகிறது. இறுதியில் ‘ஆள்’ என்னும் சொல்லையே தெரிந்துகொண்டேன். அது ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. மூவொருமையைக் குறித்துப் பேசும்போது நம் இறையியலார் ‘ஆள்தத்துவம்’ என்றதும் இச்சொல்லைக் கொண்டே. ஆளுதல் என்னும் வினையும், அடிமை என்னும் பொருளும், ஆட்கொள்ளுதல் என்னும் பத்திமொழியும் அதனோடு உறவுடையன. ஒருவன் ஆளாவது தன்னை ஆளுவதாலா, பிறரால் ஆளப்படுவதாலா, அல்லது ஆட்கொள்ளப்படுவதாலா? தமிழ்ச்சொல் மூன்றையும் பிரிக்காமல் வைத்திருக்கிறது. ‘அந்த’ என்பதோ சேய்மைச் சுட்டு. தன்னையே தொலைவில் நிறுத்திச் சுட்டும் அந்த அகரத்துக்குப் பின்னர் வருவோம்.

இக்கலையின் கருவிக்கும் நம்மிடையே இரண்டு பெயர்கள் வழங்குகின்றன. மக்கள் வழக்கில் மனவசியம். கற்றோர் வழக்கில் அறிதுயில். மனவசியம் என்னும்போது நம் கண் வசப்படுத்துகிறவனை நோக்குகிறது. அவனிடம் ஏதோ ஆற்றல் உண்டென எண்ணுகிறோம். அறிதுயில் என்னும்போது துயிலுகிறவனை நோக்குகிறோம். அவன் துயிலிலும் அறிகிறான். (இது பாற்கடலில் பள்ளிகொண்ட திருமாலின் யோகத்துயிலுக்கு வழங்கிய சொல், கடவுளுக்குரிய சொல் மருத்துவ மேசைக்கு வந்து சேர்ந்த கதை தனியே எழுதத்தக்கது.) இவ்விரண்டு பெயர்களுக்கும் இடையே உள்ள வேறுபாடே இத்துறையின் வரலாறு முழுவதும் எனலாம்.

அவ்வரலாற்றின் வாயிலில் ஒரு குருவானவர் நிற்கிறார் என்பதை நம்மவர் அறிந்திருப்பது நலம். தென் செருமனியில் யோகான் கசுனர் என்னும் கத்தோலிக்கக் குரு பேயோட்டிப் பெருங்கூட்டங்களைச் சேர்த்துவந்தார். 1775ஆம் ஆண்டில் இவரைப்பற்றிக் கருத்துக் கேட்கப்பட்ட வியன்னா மருத்துவர் மெசுமர், குருவானவர் உண்மையானவரே, ஆயினும் தாம் கண்டுபிடித்த உயிர்க்காந்தத்தையே அறியாமல் பயன்படுத்துகிறார் என்று விளக்கினார். நோயாளியின் உடல் முன்போலவே துடித்தது. பேயின் இடத்தில் காந்தம் வந்தது. 1784ஆம் ஆண்டில் பதினாறாம் லூயி மன்னன் அமைத்த குழு, பெஞ்சமின் பிராங்களின், லவோசியே முதலானோரைக் கொண்டு இதனை ஆய்ந்து, காந்தம் என்று ஒன்றுமில்லை, எல்லாம் கற்பனையின் செயல் என்று அறிக்கை தந்தது. கற்பனை என்று பெயரிட்டதும் வினா தீர்ந்ததாக அவர்கள் எண்ணினர். உண்மையில் அங்கேதான் தொடங்கிற்று.

அதைத் தொடங்கிவைத்தவர் நம் நாட்டவர். கோவாவின் கண்டோலிமில் 1756ஆம் ஆண்டில் பிறந்து, குருப்பட்டம் பெற்று, பாரிசு நகரை அடைந்த அருள்தந்தை பாரியா, 1813ஆம் ஆண்டு முதல் அங்கே மக்கள் முன்னிலையில் இதனைச் செய்துகாட்டினார். தம்மிடத்தில் எந்த ஆற்றலும் இல்லை, துயிலின் காரணம் துயிலுகிறவரிடமே உள்ளது என்பது அவர் கோட்பாடு. வசியம் செய்பவன் என்னும் பீடத்தைத் தாமே காலிசெய்தார். அதன் விலையையும் கொடுத்தார்: நடிகர் ஒருவர் துயிலுற்றவர்போல் நடித்துப் பின் கண்விழித்து அவரை நகைத்தார், ஊரும் நகைத்தது, அவரை ஏளனம் செய்து நாடகமும் அரங்கேறியது. அவர் 1819ஆம் ஆண்டில் இறந்தார். மான்செசுட்டர் மருத்துவர் பிரேய்ட் 1843ஆம் ஆண்டில் துயிலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து ஹிப்னாடிசம் என்னும் பெயரை நிலைநாட்டியது பின்னரே. பாரியாவுக்குப் பஞ்சிமில் சிலை உண்டு: ஒரு பெண்ணின்மேல் கைகளை நீட்டி நிற்கிறார். ஆற்றல் தம்மிடம் இல்லை என்றவரை ஆற்றலைப் பாய்ச்சுகிறவராகவே வடித்துவிட்டனர்.

அந்த நடிகரின் நகைப்பை இருபதாம் நூற்றாண்டின் உளவியலார் கேலியாகக் கொள்ளாமல் வினாவாகவே எடுத்துக்கொண்டனர். துயிலுற்றவன் நடிக்கிறானா? தியோடர் சார்பின் 1950ஆம் ஆண்டில், அவன் ஒரு பாத்திரத்தை முழு ஈடுபாட்டோடு ஏற்கிறான் என்றார். மார்ட்டின் ஓர்ன் 1959ஆம் ஆண்டில், சோதிப்பவர் எதை எதிர்பார்க்கிறார் என்பதைச் சோதிக்கப்படுபவர் வாய்திறந்து சொல்லாமலே உணர்ந்து அதற்கேற்ப நடந்துகொள்ளுகிறார் எனக் காட்டினார். எர்னசுட்டு ஹில்கார்டோ, துயிலுற்றவனுக்குள்ளே ஒரு மறைந்த நோக்குநர் யாவற்றையும் அறிந்தவராய் நிற்பதுண்டு என்று கூறினார். இவர்களுடைய வழக்கு முற்றும் தீரவில்லை. நமக்கு வேண்டுவது ஒன்று: அறிதுயிலில் ஒரு குரல் பிறக்கும்போது அறையில் குறைந்தது இருவர் இருக்கின்றனர், ஒருவர் எதிர்பார்க்கிறார், மற்றவர் விடையளிக்கிறார்.

1922ஆம் ஆண்டு இறுதியில் பாரிசில் ஆந்திரே பிரெத்தோனின் நண்பர்கள் துயில் அமர்வுகளை நடத்தினர். ரெனே கிரெவெல் தொடங்கிவைத்தார். ரோபேர் தெசுனோசு அனைவரையும் விஞ்சினார். துயிலிலே கேட்ட கேள்விக்கெல்லாம் கவிதையாகவும் சித்திரமாகவும் விடை தந்தார். ஓவியர் துய்ஷாம்ப் தமக்கெனப் புனைந்துகொண்ட ரோசு செலாவி என்னும் பெண்ணாளோடு தாம் தொடர்பு கொண்டிருப்பதாகவும் சொன்னார்: ஒருவருடைய பொய்முகம் மற்றொருவர் வாயில் பேசிற்று. நாளடைவில் அமர்வுகள் வன்முறையை நோக்கிச் சென்றன. 1923ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் பிரெத்தோனே அவற்றை நிறுத்தினார். அவர்கள் ஆழத்திலிருந்து தெய்வவாக்கை எதிர்பார்த்தனர். ஆகவே தெய்வவாக்குப் போன்ற ஒன்று அவர்களுக்குக் கிடைத்தது.

முல்லிக்கனின் பெருமை இங்கேதான் இருக்கிறது. ஐம்பது ஆண்டுகள் கழித்து அதே கிணற்றில் வாளியை இறக்கிய அவர் மேலே கொண்டுவந்தது காலை உணவு. எண்கள், கிழமைகள், காப்பி, நேசிக்கிறேன் என்னும் சொல்லைச் சலிப்புண்டாகுமட்டும் திரும்பத் திரும்ப எழுதுவது. இவற்றில் மேதைமையின் மினுமினுப்பு இல்லை. ஒளிப்பதிவைப் பார்க்கையில் முதலில் நகைப்பும், பிறகு கூச்சமும், அதன்பின் இரக்கமும் உண்டாகின்றன. முகமூடியைக் கழற்றினால் உள்ளே தேவனோ அரக்கனோ இருப்பான் என்று எதிர்பார்த்தவர்க்கு, ஒழுங்குக்கு ஏங்கும், பசிக்கும், அன்பு கேட்கும் ஒரு பிள்ளை காட்டப்படுகிறது. விரிப்புகளை அவர் சுவராக்கியதும் பொருத்தமே. நாம் ஒவ்வொருவரும் நம்மை இழந்து கிடக்கும் இடம் படுக்கை. அரங்கமோ ஆலயமோ அன்று.

இனி நம்மவர் சொல்லக்கூடிய இரு தீர்ப்புகள் உள்ளன. முதலாவது, இது பேயின் செயல், கிறிஸ்தவன் விலகவேண்டும் என்பது. இவ்வாறு சொல்லுகிறவர்கள் கசுனர் காலத்துக்கும் முன்னே நிற்கின்றனர். அவர்களோடு வழக்காட இது இடமன்று. இரண்டாவது தீர்ப்பைத் தற்காலக் கல்வி கற்ற நம் மாணவர் விரும்புவர்: ஆள் என்று ஒன்றுமில்லை, முகமூடிகளின் வரிசையே உண்டு, மூவொருமைக் கோட்பாட்டிலும் கிரேக்கத் தந்தையர் முகத்தையும் நாடக முகமூடியையும் குறிக்கும் சொல்லைத்தானே பயன்படுத்தினர் என்பர். பயன்படுத்தினர், உண்மை, ஆனால் அச்சொல் போதாது என்று கண்டே கப்பதோக்கியத் தந்தையர் அதனோடு உள்பொருளைக் குறிக்கும் மற்றொரு சொல்லையும் வலியுறுத்தினர். முகம் மாறலாம், முகத்துக்குரியவர் கரைந்துபோவதில்லை என்பதற்காகவே அந்தப் போராட்டம் நடந்தது. நெகிழ்ச்சியைக் கொண்டாடுகிறவர்கள் முல்லிக்கனையே சரியாகப் பார்க்கவில்லை என்றும் சொல்லுவேன். அந்த ஆள் நெகிழ்வதேயில்லை. நிகழ்ச்சிக்கு நிகழ்ச்சி அதே கையெழுத்து, அதே பாட்டு, அதே ஏக்கம். விழித்திருக்கும் முல்லிக்கன்தான் நெகிழ்கிறார்: ஓவியர், ஆசிரியர், கொடி வரைகிறவர், அண்டம் அமைப்பவர். துயிலுகிறவர் மாறாதவராக இருக்கிறார்.

அடியார் அகுஸ்தீன் தம் அறிக்கைகளின் பத்தாம் நூலில் இக்கேள்வியை அச்சத்தோடு தொடுகிறார். விழிப்பில் தாம் மறுக்கும் உருவங்களுக்குக் கனவில் இசைந்துவிடுவதைக் கண்டு, அவ்வேளையில் தாம் தாமாக இல்லையோ என்று கடவுளிடமே கேட்கிறார். அவர் கனவைக் கலையாக்கவில்லை. அதை வேறொருவன் செயல் என்று தள்ளவுமில்லை. இவ்விடத்தில் போன்ஹோபர் சிறையில் எழுதிய ‘நான் யார்?’ என்னும் கவிதையை நினைவூட்டுவது நம் கல்லூரிகளில் வழக்கம். நான் அதைத் தவிர்க்கிறேன். அங்கே ஐயுறுகிறவர் முழு விழிப்பில் இருக்கிறார். நம் வினா அதுவன்று.

நம் வினாவுக்கு நெருங்கியது 2 கொரிந்தியர் பன்னிரண்டாம் அதிகாரம். பதினான்கு ஆண்டுகளுக்கு முன் மூன்றாம் வானம் வரைக்கும் எடுத்துக்கொள்ளப்பட்ட ஒரு மனிதனைப் பவுலடியார் அங்கே அறிமுகம் செய்கிறார். உடலில் இருந்தானோ இல்லையோ தமக்குத் தெரியாது என்கிறார். அம்மனிதன் அவரே என்பதில் உரையாசிரியர்களுக்கு ஐயமில்லை. எனினும் முல்லிக்கனைப் போலவே அவரும் படர்க்கையில் பேசுகிறார். தம்மையே சேய்மைச் சுட்டால் சுட்டுகிறார். அவனைக் குறித்துப் பெருமை பாராட்டுவேன், என்னைக் குறித்தோ பாராட்டேன் என்னும் கருத்தில் இருவரையும் பிரித்து நிறுத்துகிறார். கொரிந்துச் சபையினர் பரவசத்தைத் தகுதிச் சான்றாகக் கேட்டனர். பவுலிடமும் அது இருந்தது. ஆயினும் அதை அவர்கள்முன் கடைவிரிக்க மறுத்தார். அங்கே கேட்ட சொற்கள் மனிதன் பேசத்தகாதவை என்று வாய் மூடுகிறார். பிறகு தன்மைக்குத் திரும்பி முள்ளைப் பற்றிப் பேசுகிறார். தமக்குச் சொல்லப்பட்ட விடையை அங்கேதான் அறிவிக்கிறார். பரவசத்தில் அவருக்கு விடை கிடைக்கவில்லை, வலியில் கிடைத்தது. ‘அந்த மனிதன்’ என்பதைத் தள்ளிவிடாமலும், அவனைத் தம் உண்மைத் தன்மையாக உயர்த்தாமலும் வைத்திருக்கும் இந்நிலையைக் கலைஞரும் ஏறக்குறைய அடைந்திருக்கிறார் என்பது என் எண்ணம். அந்த ஆளிடமிருந்து கற்றுக்கொள்ளுகிறேன் என்கிறாரேயன்றி, அந்த ஆளே நான் என்று அவர் சொல்லுவதில்லை.

ஆனால் கடை விரிப்பதில் இருவரும் வேறுபடுகின்றனர். என் முதன்மையான குறையும் அங்கேதான். இப்படைப்புகளைக் குறித்து நான் படித்த எழுத்துகளில் வசியம் செய்பவரைப் பற்றி ஏறக்குறைய ஒன்றுமில்லை. முல்லிக்கன் உண்டு, அந்த ஆள் உண்டு, பார்வையாளர் உண்டு. அழைக்கும் குரலுக்கு உரியவரோ மறைந்துவிட்டார். தனக்குள் தானே இறங்கிய தனிமனிதனின் பயணமாக இது விளக்கப்படுகிறது. உண்மையில் அந்த ஆள் ஒருபோதும் தானாக வந்ததில்லை. ஒருவர் அழைத்தபோது வந்தது. ஒருவர் போகச்சொன்னபோது போயிற்று. இடையில் நூற்றுக்கணக்கானோர் உற்றுப்பார்த்தனர். அவர்களில் ஒருவரும் அந்த ஆளை விளித்து உரையாடியதாக நான் கண்ட பதிவுகளில் இல்லை. தன்மை உண்டு, படர்க்கை உண்டு. முன்னிலை மட்டும் அவ்வரங்கில் இல்லை.

இதைக் கலைஞர்மேல் குற்றமாகச் சுமத்துமுன் என்னைக் குறித்து ஒன்று சொல்லவேண்டியிருக்கிறது. நான் முதன்முதலாக ஆயராக அமர்த்தப்பட்ட ஊரில், ஒரு மாலையில் இளம்பெண் ஒருத்தியை ஆலயத்துக்குக் கொண்டுவந்தனர். பேய் பிடித்திருக்கிறது என்றனர். கண்கள் செருகியிருந்தன, அவளுடையதல்லாத குரலில் முனகினாள். நான் கல்லூரியில் உளவியலும் பயின்றவன். ஆயினும் வாசலில் கூடியிருந்தவர் முகங்களைப் பார்த்ததும் கற்றதெல்லாம் மறந்து, உன் பெயர் என்ன என்று அதட்டினேன். அவள் பேசவில்லை. மீண்டும் கேட்டேன். மூன்றாம் முறை ஒரு பெயரைச் சொன்னாள்: சில ஆண்டுகளுக்கு முன் கிணற்றில் விழுந்து இறந்த பெண்ணின் பெயர். கூட்டம் நடுங்கிற்று. நான் செபித்தேன்; அவள் சரிந்தாள்; எழுந்தபோது அமைதியாயிருந்தாள். அன்றிரவு எனக்கிருந்த பெருமிதத்தை இன்று நினைக்கவும் கூசுகிறது. ஒரு மாதத்துக்குள் அவளை மறுபடியும் கொண்டுவந்தனர்.

அந்தப் பெயரை வாசலில் நின்றவர்கள் நெடுநேரமாகத் தங்களுக்குள் முணுமுணுத்துக்கொண்டிருந்தனர் என்பதை அவள் தாய் பிறகு ஒருநாள் தற்செயலாகச் சொன்னார். அன்று காலை முதல் பிள்ளை ஒன்றும் உண்ணவில்லை என்பதும் அப்பொழுதே எனக்குத் தெரிந்தது. ஓர்னின் ஆய்வைப் பல ஆண்டுகள் கழித்துப் படித்தபோது அந்த மாலை என் கண்முன் வந்து நின்றது. நான் எதிர்பார்த்தேன், அவள் விடையளித்தாள். அவள் வாயில் பேசிய ‘அந்த ஆளை’ உண்டாக்கியதில் எனக்கும் பங்கு உண்டு. அவளுக்கு என்ன வேண்டும் என்று மட்டும் ஒருமுறையும் நான் கேட்கவில்லை. இப்பொழுது பெருங்கூட்டங்களில் ஒலிபெருக்கியின் முன் வரிசை வரிசையாக மனிதர் பின்னோக்கி விழுவதைக் காணும்போது, அவர்களிடத்தில் ஆவியானவர் செயலாற்றுவதில்லை என்று நான் சொல்லத் துணியேன். ஆனால் பாரியா செய்ததை மேடையில் நிற்பவர் ஒருவராவது செய்யக்கூடாதா என்று எண்ணுவதுண்டு.

இயேசு பெருமானும் பெயரைக் கேட்டாரே என்று மாணவர் வினவலாம். மாற்கு ஐந்தாம் அதிகாரத்தில் கல்லறைகளிடையே திரிந்த மனிதனிடம் கேட்டார். கிடைத்த விடை ஒரு பெயரன்று, உரோமப் படைப்பிரிவொன்றின் எண்ணிக்கைச் சொல். தன்னை ‘நான்’ என்று தொடங்கி ‘நாங்கள்’ என்று முடிக்கும் அந்த வாக்கியத்தைவிட நெகிழ்ந்த தன்னடையாளம் வேறெந்தக் கலைக்கூடத்திலும் இல்லை. ஆனால் நற்செய்தியாளர் அவ்விடையில் தங்குவதில்லை. உடை உடுத்து, தெளிந்த புத்தியோடு உட்கார்ந்திருக்கும் மனிதனைக் காட்டுகிறார். கூட வருகிறேன் என்று கெஞ்சும் அவனைப் பெருமான் தம்மோடு வைத்துக்கொள்ளாமல் அவன் வீட்டாரிடம் அனுப்புவதைக் காட்டுகிறார். அழைத்தவர் தம் அழைப்பின் கட்டிலிருந்து அவனை விடுவித்து, அவன் பெயரை அறிந்த மனிதர் நடுவில் அவனை வைக்கிறார். அவ்வதிகாரம் அங்கேயும் முடியவில்லை. யவீருவின் வீட்டில் பன்னிரண்டு வயதுப் பெண் கிடக்கிறாள். அவள் துயிலுகிறாள் என்றதற்குக் கூடியிருந்தவர் நகைக்கின்றனர். அவர்களை வெளியே அனுப்பிவிட்டு, பெற்றோரையும் மூன்று சீடரையும் மட்டும் உடன்வைத்துக்கொண்டு, அவள் கையைப் பிடித்து, அவளையே விளித்து எழுப்புகிறார். எல்லாரும் வியந்து நிற்கையில் அவர் இடும் கட்டளைகள் இரண்டு: இதை ஒருவருக்கும் அறிவிக்கவேண்டா, பிள்ளைக்கு உண்ண ஏதாவது கொடுங்கள்.